வினை யாருடையது?
கதைமாந்தர் ஆட்டங்களும் கதையறமும்



கணினித் திரைமுன் அமர்ந்து ஆடும் ஆட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்த அளவிலேயே, ‘அது சிறுபிள்ளைகளின் வேலை, வெட்டிப் பொழுதுபோக்கு’ என்று முகஞ்சுளித்து அகல்வார் ஒரு சாரார். மற்றொரு சாராரோ, எந்த ஆட்டம் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று விடிய விடியச் சொற்போர் நிகழ்த்துவர். படத்தின் பளபளப்பை அளப்பர். ஆடி முடிக்க ஆகும் மணிக்கணக்கை எண்ணுவர். எதிர்வரும் அரக்கனின் பருமனைப் பேசுவர். ஆனால் இவ்விரு சாராரும் கேட்க மறந்த வினா ஒன்று உண்டு. ஆட்டத்துள் நிகழும் வினை யாருடையது? எழுதியவனுடையதா? ஆடுகின்றவனுடையதா?

ஏனைய ஆட்டங்களுக்கு இவ்வினா வேண்டுவதில்லை. பந்தை உதைப்பவனுக்கும் ஊர்தியை ஓட்டுபவனுக்கும் வெற்றி தோல்வி போதும். ஆடுகின்றவன் தானே ஒரு கதைமாந்தனாகி, அவன் பெயரைத் தாங்கி, அவன் வாயால் பேசி, அவன் கையால் கொன்றும் காத்தும் நடக்கின்ற கதைமாந்தர் ஆட்டங்களுக்கோ இவ்வினாவே உயிர்நாடி. இவ்வொரு கோலைக் கொண்டு அளந்தால், எது நல்ல கதை என்னும் நெடுங்காலச் சொற்போருக்கு ஒரு தெளிவு பிறக்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஒரு பிறப்பும் இரு வழிகளும்

இவ்வகை ஆட்டம் கணினியில் பிறந்ததன்று. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்சு, டேவு ஆர்னேசன் என்னும் இருவர் ‘டஞ்சன்சு அண்டு டிராகன்சு’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். தாளும் எழுதுகோலும் பலமுகப் பகடையுமே அதற்குக் கருவிகள். நண்பர்கள் சிலர் கூடி அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தனை ஏற்பர். ஒருவர் மட்டும் ஆட்டத்தை நடத்துபவராக இருந்து கதையைச் சொல்லிச் செல்வார். ‘நான் கதவைத் தட்டவில்லை, கூரையைப் பிரித்து இறங்குகிறேன்’ என்று ஒருவன் சொன்னால், நடத்துபவர் அப்பொழுதே கதையை வளைத்து அவனுக்கு வழிவிடுவார். அங்கே கதைக்கு முன்கூட்டிய முடிவில்லை. ஆடுகின்றவன் செய்வதே கதை.

கணினிக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. அது சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லையும் எவரேனும் முன்னரே எழுதி வைத்தாக வேண்டும். கூரையைப் பிரிக்கலாம் என்று எழுதியவர் எண்ணியிராவிடின், ஆடுநன் பிரிக்க இயலாது. இந்த முட்டுப்பாட்டினின்று இரு வழிகள் பிரிந்தன. ‘எல்லாக் கிளைகளையும் எழுதுதல் ஆகாது, ஆகவே ஒரே கதையை உரமாகச் சொல்வோம்’ என்றது ஒரு வழி. ‘இயன்ற அளவு கிளைகளை எழுதுவோம், எதில் செல்வது என்பதை ஆடுநன் முடிவு செய்யட்டும்’ என்றது மற்றொரு வழி. முன்னது சப்பானில் தழைத்தது. பின்னது பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்தது. விலக்குகள் இருபுறமும் உண்டு. எனினும் பெரும்போக்கு இதுவே.

துயர் உண்டு, பொறுப்பு இல்லை

சப்பானிய வழிக்கு மணிமுடியாக அதன் சுவைஞர் காட்டுவது, சுகுவேர் நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பைனல் பாண்டசி 7’ என்னும் ஆட்டத்தையே. அதில் ஏரித்து என்னும் மலர் விற்கும் பெண்ணொருத்தி வருகிறாள். ஆடுநன் அவளைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்கிறான், படைக்கலம் தருகிறான், பலநாள் உடன்நடந்து அவள் ஆற்றலை வளர்க்கிறான். மூன்று வட்டுகளாக வந்த அவ்வாட்டத்தின் முதல் வட்டு முடியுங்கால், அவள் கண்மூடி வேண்டி நிற்கையில், செபிரோத்து என்னும் பகைவனின் வாள் அவள் உடலில் பாய்கிறது. தடுக்க வழியே இல்லை. வளர்த்த ஆற்றலெல்லாம் அவளோடு போகின்றது. அவளை மீட்கும் மறைவழி ஏதேனும் இருக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்தோர் பலர். அப்படி ஒரு வழி இல்லை.

இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. நாமே பேணி வளர்த்தவள் சாகும்பொழுது எழும் வலி, ஏட்டில் படிக்கும் சாவினும் கூர்மையானது. குழுவில் அவளிருந்த இடம் வெறுமையாகக் கிடப்பதை ஒவ்வொரு போரிலும் ஆடுநன் காண்கிறான். அவ்வெறுமை ஆட்டத்துக்கே உரிய கதைமொழி; நூலாலும் திரைப்படத்தாலும் அதனை இவ்வாறு சொல்ல இயலாது.

ஆயினும் நம் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். அவள் சாவு யார் வினை? செபிரோத்தின் வினை, எழுதியவரின் முடிவு. ஆடுநன் அழலாம், ஆனால் நாணவோ, வருந்தித் தன்னைத் தானே வினவவோ அவனுக்கு இடமில்லை. நல்லவனாயினும் தீயவனாயினும், விரைந்து சென்றாலும் காலந்தாழ்த்திச் சென்றாலும், அவள் செத்தே தீர்வாள். துயரம் அவனுடையது; வினை அவனுடையதன்று. இவ்வழியின் உயரமும் இதுவே, எல்லையும் இதுவே.

புள்ளிக்கு விற்ற அறம்

அப்படியாயின் கிளைக்கதை வழியே உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கும் ஒரு பள்ளம் உண்டு.

1985-ஆம் ஆண்டில் இரிச்சர்டு கேரியட்டு என்பார் ‘அல்திமா 4’ என்னும் ஆட்டத்தை ஆக்கினார். கொல்லப்பட வேண்டிய கொடுங்கோலன் என ஒருவன் அதில் இல்லை. நேர்மை, இரக்கம், மறம், நயன்மை, ஈகம், மானம், மெய்யுணர்வு, பணிவு என்னும் எட்டுப் பண்புகளில் ஆடுநன் நிறைவெய்துவதே அவ்வாட்டத்தின் குறிக்கோள். அதில் மூலிகை விற்போர் கண்ணில்லாதவர். பொருளை வாங்கிக்கொண்டு எவ்வளவு காசு தருவது என்பதை ஆடுநனே குறிக்க வேண்டும். குறைத்துத் தந்தால் விற்பவர் அறியார், எதிர்ப்பும் இல்லை, ஒறுப்பும் இல்லை. ‘ஏமாற்றிவிட்டோம்’ என்று ஆடுநன் மகிழ்ந்து செல்லலாம். ஆனால் ஆட்டம் அதனை ஓசையின்றிக் குறித்துக்கொள்ளும். நெடுந்தொலைவு கடந்தபின், நேர்மையில் அவன் தாழ்ந்து கிடக்கிறான் என்பது தெரியவரும். யாரும் காணாத இடத்தில் செய்த வினையும் வினையே என்பதை இதனினும் எளிமையாக எந்த ஆட்டம் சொல்லிற்று?

இந்த அருமையான விதையினின்று பின்னாளில் முளைத்த பயிர் அத்துணை நன்றாக அமையவில்லை. மறைவாக இருந்த கணக்கு வெளியே வந்தது. கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனத்தின் ‘மாசு எபெக்டு’ ஆட்டங்களில், நயமான விடைக்கு நீலநிறப் புள்ளி. முரட்டு விடைக்குச் செந்நிறப் புள்ளி. புள்ளிகள் சேரச்சேரப் புதிய உரையாடல்கள் திறக்கும். விளைவு யாது? பெரும்பாலோர் தம் முன்னுள்ள சிக்கலை எண்ணிப் பார்ப்பதை விட்டு, எந்த விடைக்கு எந்த நிறம் என்று பார்த்து விடையளிக்கத் தொடங்கினர். கூலிக்குச் செய்யும் நன்மை அறமாகுமா? அது கணக்கு, வணிகக் கணக்கு!

அவ்வாட்டத்தின் பெருமையையும் மறைத்தல் ஆகாது. 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று பகுதிகளிலும், முன்பகுதியில் ஆடுநன் செய்த முடிவுகள் பின்பகுதிக்குத் தொடர்ந்து வந்தன. முதற்பகுதியில் இறக்கவிட்ட தோழன் மூன்றாம் பகுதியிலும் இல்லாமலே இருந்தான். அதனாலேயே 2012-இல் வந்த இறுதிக் காட்சி பெருஞ்சினத்தைக் கிளப்பிற்று. ஐந்தாண்டுக் கால முடிவுகளெல்லாம் கடைசியில் மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்வதில் அடங்கின. அம்மூன்றின் காட்சிகளும் சிவப்பு, நீலம், பச்சை என ஒளியின் நிறத்தால் வேறுபட்டனவேயன்றிப் பெரிதும் ஒத்தே இருந்தன. ஆடுநர் வெகுண்டனர், நிறுவனம் அவ்வாண்டு சூன் மாதத்தில் விரிவுபடுத்திய முடிவை இலவயமாக வழங்க நேர்ந்தது. ‘பொழுதுபோக்குக்காக இத்துணைக் கூச்சலா?’ என்று நகைத்தவர் உண்டு. அந்நகைப்பு பொருந்தாது. ‘வினை உன்னுடையது’ என்று சொல்லி ஆடுநனை ஐந்தாண்டு நடத்திவந்து, கடைசி மணித்துளியில் ‘அன்று, எங்களுடையது’ என்று பறித்துக்கொண்டால், வெகுளி எழாமல் என்செய்யும்?

பெயரிடப்படாத குழவி

இனி, நம் கருத்தில் இவ்விரு பள்ளங்களையும் தாண்டிய ஆட்டத்துக்கு வருவோம். அது போலந்து நாட்டில் விளைந்தது. விளைந்த நிலத்தை அறிந்தாலன்றி விளைவை அறிய முடியாது.

1986-ஆம் ஆண்டில் ஆண்டிரேய் சப்கோவ்சுகி என்னும் போலந்து எழுத்தாளர் ‘பண்டாசுதிகா’ என்னும் இதழின் போட்டிக்கு ஒரு சிறுகதை எழுதி மூன்றாம் பரிசு பெற்றார். கூலி பெற்றுக்கொண்டு கொடும்பேய்களை வேட்டையாடும் ஒருவனே அக்கதையின் தலைவன். அவனைக் குறிக்கப் போலந்து மொழியில் சொல்லில்லை. பிறமொழிச் சொல்லைக் கடன் வாங்காது, மாயக்காரியைக் குறிக்கும் ‘வியெட்சுமா’ என்னும் பழஞ்சொல்லினின்று ‘வியெட்சுமின்’ என்னும் ஆண்பாற் சொல்லை அவரே படைத்துக்கொண்டார். அப்பழஞ்சொல் ‘அறிதல்’ என்னும் வேரினின்று கிளைத்தது. அறிந்தவள் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் ‘விட்சர்’ என்று உலகெங்கும் வழங்கும் பெயர் இதற்கு ஈடாக வைக்கப்பட்டதே.

1994-இல் வார்சாவில் தொடங்கப்பட்ட சிடி புரோசெக்டு என்னும் நிறுவனம், முதலில் பிறநாட்டு ஆட்டங்களை விற்கும் கடையாகவே இருந்தது. கனடாவில் ஆக்கப்பட்ட ‘பால்டர்சு கேட்டு’ என்னும் பெருங்கதை ஆட்டத்தை அது 1999-இல் முழுமையாகப் போலந்து மொழியில் பெயர்த்து, அந்நாட்டுப் பெயர்பெற்ற நடிகர்களைக் கொண்டு பேசவைத்து வெளியிட்டது. அது பெருவெற்றி பெற்றது. பிறர் கதையைத் தம் மொழியில் பேசவைத்துப் பழகிய அக்கைகளே, பின்னர் 2007-இல் தம் நாட்டுக் கதையை முதல் ‘விட்சர்’ ஆட்டமாக ஆக்கின. 2015 மே மாதத்தில் வந்த மூன்றாம் ஆட்டம், 2023-க்குள் 5 கோடிப் படிகளுக்குமேல் விற்றது.

அம்மூன்றாம் ஆட்டத்தில் வெலன் என்னும் சதுப்புநிலப் பகுதி வருகிறது. போரால் சிதைந்த நிலம். மரந்தோறும் தூக்கிலிடப்பட்ட உடல்கள். அதனை ஆள்பவன் ‘குருதித் தலைவன்’ எனப் பெயர் பெற்ற படைத்தலைவன் ஒருவன். காணாமற்போன தன் மனைவியையும் மகளையும் தேடித்தருமாறு, ஆடுநன் ஏற்றுள்ள கெரால்ட்டு என்னும் வேட்டுவனை அவன் வேண்டுகிறான். தேடத்தேட உண்மை வெளிப்படுகிறது. அவன் பெருங்குடியன், மனைவியை அடித்தவன், அவ்வடியால் அவள் கரு கலைந்தது. பெயரும் இடாமல், முறையும் செய்யாமல் புதைக்கப்பட்ட அக்குழவி, இப்பொழுது குருதி வேட்கைகொண்ட பேயுருவாக எழுந்து நிற்கின்றது.

ஆடுநன் முன் இரு வழிகள். அப்பேயைக் கொன்றுவிடலாம், அல்லது தந்தையே அதனைக் கையிலேந்தி வந்து, பெயர்சூட்டி, ‘நீ என் மகள்’ என்று ஏற்று, வீட்டு வாயிற்படியின்கீழ்ப் புதைக்கச் செய்யலாம். பின்னதைச் செய்தால், கொடும்பேய் மனைகாக்கும் ஆவியாகி, பிரிந்த தாயிடம் செல்லும் வழியையும் காட்டுகின்றது. இறந்து பிறந்த குழவியை வாயிற்படியின்கீழ்ப் புதைத்தால் அது மனையைக் காக்கும் என்பது போலந்தின் வடபுலத்து நாட்டுப்புற நம்பிக்கை. அந்நம்பிக்கையினின்றே இக்காட்சி முளைத்தது. பெயரின்மை பேயாக்குகிறது, பெயர் காவலாக்குகிறது. மொழிப்பற்று உடையார் எவரும் இவ்விடத்தில் ஒரு நொடி நின்று எண்ணாமல் கடத்தல் அரிது.

இன்னும் கொடிய தேர்வு பின்னர் வருகிறது. ஒரு மேட்டின் அடியில், பெருமரத்தின் வேர்களுக்கிடையே சிறைப்பட்ட ஆவி ஒன்று, ‘என்னை விடுவி, மூதணங்குகள் மூவர்க்கு இரையாகவிருக்கும் ஏதிலிக் குழந்தைகளை நான் காப்பேன்’ என்கிறது. அது பொய்யா மெய்யா? ஆடுநன் அறியான். விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள், ஆனால் அருகிலுள்ள சிற்றூர் அழிகின்றது, தலைவன் மனைவியும் மாள்கிறாள், தலைவனும் தூக்கிட்டுக்கொள்கிறான். அழித்துவிட்டாலோ, குழந்தைகள் இரையாகிறார்கள். மனைவி உயிரோடிருந்தும் அறிவு பிறழ்ந்தவளாகிறாள். கணவன் அவளை மருத்துவம் தேடித் தொலைமலைக்கு அழைத்துச் செல்கிறான். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, புள்ளியும் இல்லை. ‘நீ செய்தது நன்று’ என்று தட்டிக்கொடுக்கும் கையும் இல்லை. செய்தவன் ஆடுநன், பயன் அவன் கண்முன், அதற்கு விடைசொல்ல வேண்டியவனும் அவனே.

மறுப்பும் மறுமொழியும்

இங்கு மூன்று மறுப்புகள் எழும்.

‘ஆட்டத்தில் எதுவும் மெய்யான வினையாகாது, பிடிக்கவில்லையெனில் சேமித்து வைத்த இடத்துக்கு மீண்டு, வேறு வழியைத் தேர்ந்துகொள்ளலாமே?’ என்பது முதல் மறுப்பு. வலியதோர் மறுப்பே. இதற்கு இருவகை மறுமொழிகள் ஆட்டங்களுக்குள்ளேயே உள. வினைக்கும் பயனுக்கும் இடையே பல மணிநேரத் தொலைவை வைப்பது ‘விட்சர்’ ஆட்டங்களின் வழி. பயன் தெரியும்பொழுது, மீண்டுசெல்லும் இடம் கைக்கெட்டாத் தொலைவில் போயிருக்கும். 2015-இல் டோபி பாக்சு ஆக்கிய ‘அண்டர்டேல்’ என்னும் சிறிய ஆட்டத்தின் வழி இன்னும் கூரியது. ஒருயிரையும் கொல்லாமல் அதனை ஆடி முடிக்கலாம். கொன்றுவிட்டுப் பின் மீண்டு வந்து கொல்லாமல் விட்டாலோ, ‘நீ முன்பு செய்ததை நான் அறிவேன்’ என்று கதைமாந்தன் ஒருவன் எள்ளி நகைப்பான். அனைவரையும் கொன்று முடித்தவன் பின்னர் எத்துணைத் தூயவனாக ஆடினாலும், இறுதிக் காட்சியில் அக்கறை நீங்காது. மீட்சியையே வினையாக்கிக் கணக்கில் எழுதிய ஆட்டம் அது.

‘சொல்லாழத்தில் 1999-இல் வந்த பிளேன்சுகேப்பு டார்மெண்டு என்னும் ஆட்டத்துக்கு ஈடேது?’ என்பது இரண்டாவது. அதன் தலைவனுக்குப் பெயரில்லை, சாவில்லை, ஒவ்வொரு முறை மாண்டு எழும்போதும் நினைவை இழக்கிறான். முன்னைப் பிறவி போன்ற அந்நாள்களில் தான் யார்யார்க்கு என்னென்ன செய்தான் என்பதை, அவர்கள் பட்ட புண்களைக் கண்டே அறிகிறான். மாந்தனின் இயல்பை எதனால் மாற்றமுடியும் என்பதே அவ்வாட்டத்தின் நடுவண் வினா. அதனைத் தலையாயதாகக் கொள்வாரோடு நமக்குப் பூசலில்லை. மறந்தாலும் வினை உன்னுடையதே என்று சொல்லும் அவ்வாட்டம், நம் அளவுகோலுக்கு அரணேயன்றிப் பகையன்று. ஆயினும் அங்கே பெருவினைகள் ஆட்டம் தொடங்குமுன்னரே முடிந்துவிட்டன. வெலனிலோ அவற்றை ஆடுநனே செய்கிறான். அவ்வொரு படி உயர்வே நம் சார்பு.

மூன்றாவது மறுப்பு வியப்பானது. ஆட்டம் கதைசொல்லும் கருவியாகாது என்னும் கருத்தைச் சப்கோவ்சுகியே வெளிப்படையாகக் கூறியவர். ஆட்ட உரிமையை விற்றபோதும், வருவாயில் பங்கு வேண்டாவென்று ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டார். 2018-இல் அவர் மேலும் தொகை கோரினார். 2019-இல் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. படைத்தவர் சொல்லுக்கு மதிப்புண்டு. எனினும் அவர் கதையைப் படிக்கும்போது கெரால்ட்டு செய்ததை அறிகிறோம். ஆடும்போது நாம் செய்ததை அறிகிறோம். இரண்டும் வேறுவேறு அறிவுகள். நூலின் அளவுகோலால் ஆட்டத்தை அளந்து குறைவென்பது, மரக்காலால் துணியை அளப்பது போன்றது.

செய்யத்தக்கது

இச்சொற்போர் வெறும் சுவைப்போர் அன்று. இளையோர் பல்லாயிரம் மணிநேரம் இவ்வாட்டங்களுள் வாழ்கின்றனர். அங்கே அவர்கள் வினை என்பதைப் பற்றி ஏதோ ஒன்றைக் கற்றே வெளிவருகின்றனர். நன்மைக்கு உடனே புள்ளி விழும் என்று கற்றவன், புள்ளி விழாத உலகில் என்செய்வான்? முழுமையும் அறியாமலே முடிவெடுத்து, எடுத்தபின் அதற்குத் தோள்கொடுத்து நிற்க வேண்டும் என்று கற்றவனோ, உலகின் மெய்ந்நிலையில் ஒரு பகுதியையேனும் கற்றவனாவான்.

ஆகவே, பெற்றோரே, ‘எத்தனை மணிநேரம் ஆடினாய்?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘அங்கே நீ என்ன செய்தாய்? ஏன் செய்தாய்?’ என்றும் கேளுங்கள். இளைஞர்காள், உங்களுக்கு உவப்பான ஆட்டம் எதுவென்று அடுத்தமுறை வழக்காடும்பொழுது, அதன் அழகையும் நீளத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, ‘அதில் நான் செய்த வினைக்கு நான் விடைசொல்ல நேர்ந்ததா?’ என்று உங்களையே வினவுங்கள். ஆம் என்று நெஞ்சு சொல்லுமாயின், உலகம் அதனை எந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வைத்தாலும், அதுவே நல்ல கதை!